தலை மாற்றிய அரசர்கள்

ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த அந்த வைகாசியில்கூட அப்பாவுக்கு அரசர்கள்தான் பெரிது. இங்கே கனடாவில், ஒஷாவாவில் நடந்த ஏலமொன்றிலிருந்து ஒரு கட்டு மெசோரின்ற் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். செப்புத் தகட்டை முழுக்கச் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி மழுப்பி அச்சடிக்கிற பழைய முறை அது. எல்லாம் இங்கிலாந்து அரசர்கள். எங்கள் ஸ்காபரோப் படக்கடைக்கு வருகிற சனத்தில் எவர் அந்தத் தொப்பை வைத்த அரசர்களை வாங்கிச் சாமியறைக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்? கேட்டால், "உனக்கு உதின்ரை அருமை தெரியாது" என்பார். அவருடைய தகப்பனும் யாழ்ப்பாணத்தில் படம் விற்றவராம், பரம்பரைத் தொழிலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடை ஓடியது நான் செய்த நினைவுப் படங்களால். இறந்தவரின் முகத்தைப் பெருப்பித்து, கோட் போட்ட உடம்பொன்றில் பொருத்தி, கீழ்மூலையில் குத்துவிளக்கு வைத்துக் கொடுப்பேன். அந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை.

அப்போதுதான் மல்வேர்னிலிருந்து ஒரு அன்ரி வந்தார். கையில் ஒரு கலியாணவீட்டுப் படம். பின்வரிசையில் அவருடைய மகன், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால். வவுனியா முகாமொன்றில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம். அடுத்த நாள் ஊருக்குப் போகிறவரிடம் படத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

"முகம் வடிவாத் தெரியோணும் பிள்ளை. பாக்கிறவை அடையாளம் சொல்லோணும்."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். "பிள்ளை, ஓடி வா!" என்றார் அப்பா. அவருடைய மேசையில் இரண்டு அரசர்கள். ஒரே அங்கி, ஒரே கால்கள், ஒரே நாய், தலை மட்டும் வேறு. ஒருவர் செத்ததும் தகட்டில் அவர் தலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது அரசரின் தலையைப் பொறித்து விற்றிருக்கிறார்கள்.

"கள்ளர்! நாங்களும் உதைத்தானே செய்யிறம்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று தரம் கூப்பிட்டார், அதே கால்களைக் காட்ட. மூன்றாம் தரம், "சும்மா இருக்கமாட்டியளோ அப்பா!" என்று கத்திவிட்டு வந்து, அச்சை எடுத்து, சரியாகப் பார்க்காமலே அன்ரியிடம் நீட்டினேன்.

அவர் கனநேரம் பார்த்தார். பிறகு கீழ்மூலையில் விரலை வைத்தார்.

"இது ஏன் பிள்ளை?"

விளக்கு. உயிரோடு இருப்பவனைத் தேடப் போகிற படத்தில், செத்தவர்களுக்கு வைக்கிற விளக்கு. கை பழக்கத்தில் வைத்துவிட்டது. அப்பாவில் பழியைப் போட வாய் உன்னியது. ஆனால் அறைய வேண்டியது என்னைத்தான். விளக்கை எடுத்துவிட்டு வேறொன்று அடித்தேன். மற்றதைக் கிழித்து எறியப் போனபோது அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்ரை பிள்ளையின்ரை முகத்தைக் கிழிக்கப் போறியே?"

அப்பா எழுந்து வந்தார். இரண்டு படங்களையும் வேறுவேறாகப் பழுப்புத் தாளில் சுற்றி என் முன்னால் வைத்தார். உள்ளே இருப்பவர் வாங்குபவருக்கு என்ன முறை என்று வெளியே எழுதிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். விளக்கு இல்லாததில் 'மகன்' என்று எழுதினேன். விளக்கு உள்ளதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையோடு நின்றேன்.

"அதிலையும் மகன் எண்டே எழுது" என்றார் அன்ரி.