இலவங்காய் ஓட்டில் ஒரு விமானம்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய தேனி–குமுளி கரி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, காதோரம் நரை. மடியில் ஒரு பொம்மை விமானம் இருந்தது. இலவங்காய் ஓடுதான் அதன் உடம்பு. அட்டையில் வெட்டிய இறக்கைகளில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. மெழுகு வைத்து ஒட்டினார், வெயிலில் இளகியது. கருவேல முள்ளைக் குத்தினார், ஆடியது. ஒவ்வொரு முறையும் விமானத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

நான் அந்நியரிடம் பேசுகிறவள் அல்ல. எப்படியோ கேட்டுவிட்டேன்: “யாருக்குண்ணே?”

“எம்மகளுக்குத்தான், தங்கச்சி. நான் பட்டாளத்துக்குப் போறப்ப கைப்புள்ள. இப்ப மூணு வயசு. அப்பன்னு எங்கிட்ட வருவாளோ, மாட்டாளோ.”

என் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அதை மாட்டியதும் இறக்கை அசையாமல் நின்றது. குலுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

கூடலூர் வந்ததும் ஊக்கைக் கழற்றி என்னிடமே நீட்டிவிட்டு, பழைய முள்ளையே குத்திக்கொண்டு எழுந்தார்.

“ரொம்பக் கெட்டியாப் பிடிக்குது தங்கச்சி. முள்ளே போதும்.”

அவர் இறங்கியபோது, கீழே ஒரு சிறுமி தாயின் சேலைக்குள் முகத்தை ஒளித்து நின்றாள்.

“அப்பா வந்துருக்காகடீ, போ ஆத்தா” என்று தாய் தள்ளியும் நகரவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து விமானத்தை நீட்டினார். இறக்கை கழன்று அவள் காலடியில் விழுந்தது.

“ஒடச்சுப்புட்டியே!” என்று அதட்டியபடி அதை எடுத்துக்கொண்டு அவள் அவரிடம் போனாள். பஸ் கிளம்பும்போது இரண்டு தலைகளும் அந்த விமானத்தின்மேல் குனிந்திருந்தன.

இறக்கை தானாக விழுந்ததா, அவர் விரல் தட்டியதா, எனக்கு இன்றும் தெரியாது. அந்த ஊக்கை வேறெதற்கும் மாட்ட மட்டும் மனம் வரவில்லை.