முடங்காமல் வேலைக்குப் போகிறவன்

கடையை மூடி முதலாளி எங்களை அனுப்பிவிட்டது ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குத் தெரியக் கூடாதென்று, தினமும் காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பி, சாயங்காலம்வரை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனு மாதக்கணக்காக அசையவில்லை. ஒருவழியாக விசாரிக்க ஆள் வந்தபோதும் நான் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன்.

அன்று மாலை எதிர்வீட்டு மாமா கூப்பிட்டார்.

"ஒருத்தன் வந்து உன்னைப் பத்தி விசாரிச்சான். கல்யாண விஷயமா இருக்கும்னு நல்லதாத்தான் சொன்னேன், கேட்டியா? ஒரு நாள்கூட முடங்காம ஜோலிக்குப் போற பையன்னு."

அத்தனை மாதம் தூங்கிய ஆபீஸ், மறு வாரமே பதில் அனுப்பியது: தகுதி இல்லை. மேல்முறையீட்டுக்கு, எனக்கு வேலையில்லை என்று அதே மாமா எழுதித் தர வேண்டுமாம்.

மறுநாள் காலை மாமா வாசலில் நின்றிருந்தார்.

"ஜோலிக்குக் கிளம்பியாச்சா?"

"ஆமாம் மாமா."