அக்கா மாட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்து தானே எழுந்தபோது, அக்கா திரையைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய பழைய பருத்திச் சட்டையைப் பார்த்தாள். எங்கள் பக்கம் ஆபீஸ் என்று சொல்கிற பட்டாசுத் தொழிற்சாலையில் சேலைக்கு மேல் அவள் போட்டுக்கொள்ளும் சட்டை அது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆபீசில் பல வருடங்களாகத் திரி செருகிக்கொண்டிருந்தவள், அந்த மாதம்தான் வேலையை விட்டிருந்தாள். மாலை நேரங்களில் சிவகாசிக்குப் போய்ப் பட்டாசுப் பெட்டி லேபிள் டிசைன் படித்திருந்தாள். ஒரு அச்சகத்தில், முதல் லேபிளை ஒழுங்காக முடித்துத் தந்தால் சீசன் முழுவதும் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் போர்மேனோ, திங்கட்கிழமை காலை வேனில் வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். விருதுநகரில் பாகங்கள் வாங்கி, வகுப்பில் பார்த்தபடி அவளே மாட்டிய கம்ப்யூட்டர், லேபிளின் மயிலுக்குத் தோகை வரையும் முன்பே அணைந்துகொண்டிருந்தது.

நான் அப்போது விருதுநகரில் ஒரு பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த நிருபர். வார இறுதிக்கு ஊருக்கு வந்தவன், கேட்டதும் உற்சாகமாகிவிட்டேன். துப்புத் துலக்க ஒரு விஷயம் வீட்டுக்குள்ளேயே கிடைத்திருந்தது.

"எப்பப்போ அணையுது?"

"அதுக்கு நேரம் காலம் இருந்தா நான் ஏம்லே முழிக்கேன்? பேட்டியா எடுக்க?"

அவள் சொன்னது சரி. சில சமயம் ஒரு மணி நேரம் ஓடியது. சில சமயம் எழுந்தவுடன் நீலத்திரை. மேசையை இழுத்தால் ஒரு தடவை அணைந்தது, இன்னொரு தடவை அசையவில்லை. முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்து, பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து வைத்தோம். முள் நடுவிலேயே நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு சூடு என்று நினைத்தோம். பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேராகத் திருப்பினோம். உள்ளே விசிறி சுற்றியது, எதுவும் கொதிக்கவில்லை. அப்போதும் அணைந்தது. மென்பொருளை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றுவதை அவள் முன்பே செய்து பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியோடு விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். பெட்டி என் மடியில். உள்ளே செருகியிருந்த ரேம் மெமரி கார்டுகள் இரண்டையும் கழற்றித் துணியில் தனியாகச் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் அக்கா. எதையும் தனித்தனியாகக் கொண்டுபோனால்தான் அவளுக்கு நிம்மதி.

கடை, மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளுக்குப் பக்கத்தில். தும்மிக்கொண்டே உள்ளே போனோம். கடைக்காரர் கார்டுகளைச் செருகி, கம்ப்யூட்டரை ஓடவிட்டார். எங்கள் மயில் லேபிளைத் திறந்தோம். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அணையவில்லை.

"மிசினுக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்கன வெச்சிருக்கீக? உங்க ஊரு கரண்டுதான் வெடிக்குது."

"எங்க ஊர்ல வெடிக்கிறதெல்லாம் நாங்க செஞ்சது மட்டும்தாண்ணே" என்றாள் அக்கா. கார்டுகளைக் கழற்றி மறுபடியும் துணியில் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மாட்டி ஓடவிட்டாள். மயிலின் கழுத்து வரை வந்தது. அணைந்தது. அப்போதுதான் அந்தச் சட்டையைப் பார்த்தாள்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் பரபரப்பு கூடியது. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. அப்படியானால் இரண்டு இடத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறுகிறது.

"பஸ்ல குலுங்குனதா?"

"போகும்போதுந்தான் குலுங்குச்சு. அங்கன நல்லாத்தான ஓடுச்சு?"

"அங்கன கார்டை யாரு மாட்டுனா?"

"அந்த அண்ணன்."

"இங்கன?"

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்குரூ டிரைவர் ஏற்கெனவே கையில் இருந்தது. தகடு திறந்ததும் டார்ச்சை அடித்தேன். ஒரு கார்டின் ஓரம் நூலளவு தூக்கி நின்றது. அதைப் பிடிக்க வேண்டிய வெள்ளைக் கொக்கி முழுதாக மூடவில்லை.

"அமுக்குக்கா."

"அமுக்கித்தாம்லே இருக்கு. முட்டுது."

"முட்டட்டும். இன்னும் அமுக்கு."

அவள் கட்டைவிரல் கார்டின் மேல் நின்றது. நகம் வெளுக்கவில்லை, அழுத்தமே இல்லை. அவள் வேலை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெடிமருந்து அடைத்த குழாயில் திரி செருகும்போது, முட்டிய இடத்தில் கை நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளுகிறவர்களை அந்த அறையில் உட்காரவைக்க மாட்டார்கள். அதே கையால்தான் இந்தக் கம்ப்யூட்டரையும் மாட்டியிருந்தாள்.

"நான் அமுக்கவா?"

"கைய எடுலே. இது நான் மாட்டுனது."

மூச்சை இழுத்துக்கொண்டு அழுத்தினாள். 'டக்' என்று கொக்கி விழுந்தது. அடுத்த நொடி வாசல்படியில் நின்றாள். என் சட்டைக் காலரும் அவள் கையில் இருந்ததால் நானும் அங்கேதான் நின்றேன். இருவரும் பெட்டியைப் பார்த்தோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது கார்டுக்கு 'டக்' கேட்டபோது தலையை மட்டும் பின்னுக்கு இழுத்தாள்.

அன்று முழுவதும் நாங்கள் அந்தக் கம்ப்யூட்டரைப் படுத்தாத பாடில்லை. மயிலைத் திருப்பினோம், பெரிதாக்கினோம், பாட்டை ஓடவிட்டோம், மேசையைக் குலுக்கினோம். கழுத்தைத் தாண்டித் தோகை வந்தது. ஒவ்வொரு கண்ணாக நிறம் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் நான் அவள் தோளைத் தட்டினேன்.

"தட்டாதலே, கோடு கோணுது."

திங்கட்கிழமை காலை வேன் ஹாரன் அடித்தபோது, அவள் லேபிளில் கடைசி எழுத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஏறலையா?" என்று டிரைவர் சத்தம் கொடுத்தார்.

மவுஸிலிருந்து கையை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அந்த எடத்துக்கு ஆள் போடச் சொல்லுங்கண்ணே."

"அப்போ என் வேனுக்கு ஒரு ஸ்டிக்கர் போட்டுத் தாம்மா."

"ஆர்டர் குடுங்க, பாப்போம்."