பன்னிரண்டு மணிக்கு மேல் திறந்த சூளை

விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பீங்கான் கம்பெனி இருக்கிறது. ஃபியூஸ் கட்டை செய்கிறோம். வீட்டுக்கு வீடு மெயின் பெட்டியில் இருக்குமே, அந்த வெள்ளைக் கட்டைதான். கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் செத்துப்போனதற்கு நான் காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. தகரக் கொட்டகை, உள்ளே சூளை. மதியத்தில் சுவரில் கை வைக்க முடியாது. பங்குனியில் நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து எங்கள் பக்கத்துப் பீங்கான் கம்பெனி முதலாளிகளைக் கூட்டினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"வெயில நம்மளால கொறைக்க முடியாதுங்க. ஆளுங்க வெயில்ல வேகுற நேரத்தக் கொறைக்கலாம். அதுக்கு எங்களால மட்டும் ஆவாது, உங்களால மட்டும் ஆவாது."

அவர் கேட்டது இதுதான். கோடை முடியும்வரை நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை யாரும் வேலை செய்யக் கூடாது, சூளையைத் திறக்கவே கூடாது. பதிலுக்கு நகராட்சி தினமும் தண்ணீர் லாரி அனுப்பும். ஐஸ் பெட்டியோடு ஒரு நர்ஸ் கம்பெனிகளுக்கு நடுவிலேயே ஒரு அறையில் இருப்பார். அதோடு இன்னொன்றும் சொன்னார். சூளையில் விரிசல் விட்டதையும் உடைந்ததையும் நாங்கள் பின்னால் குவித்து வைத்திருப்போம். அந்த வெள்ளைச் சில்லை இலவசமாகக் கொடுத்தால், நகராட்சி சிமெண்டும் கொத்தனாரும் தந்து, தொழிலாளிகளின் தொகுப்பு வீட்டு மொட்டைமாடியில் பதித்துக் கொடுக்கும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே சூடு இறங்காது.

"ஒடஞ்ச சாமானுக்கு இவ்ளோ கிராக்கியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது ஆளாக நான் கையெழுத்துப் போட்டேன். பெரிய மனசு என்று சொல்ல முடியாது. குவியல் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது, தொலைந்தால் போதும் என்றிருந்தது. தண்ணீருக்கும் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நர்ஸ் ஒவ்வொரு கம்பெனியாக வந்து சொல்லிக் கொடுத்தார். பேச்சுக் குழறினால், ஆள் தெரியாமல் பேசினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் தாமதிக்காதீர்கள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே என்னைக் கூப்பிடுங்கள் என்றார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீடுகளில் சில்லுப் பதிக்கும் வேலையும் தொடங்கியது. எந்த வீடு முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

எங்களிடம் சூளையில் அடுக்கி இறக்கும் வேலை பார்த்த அக்காவின் வீடு கடைசியாக வந்தது. ஒல்லியான மனுஷி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நம்ம சீட்டு என்னைக்கி முன்னாடி வந்துச்சி?" என்று சிரித்தார். "ராவுல வூட்ல படுக்க முடியலக்கா. தரையில தண்ணிய ஊத்திட்டுப் படுக்கறோம்."

சித்திரையில் ஒரு நாள். மறுநாள் சரக்கு ஏற்ற வரவேண்டிய லாரி அன்று சாயங்காலமே வருகிறது என்று போன் வந்தது. சரக்கு இன்னும் சூளைக்குள் இருந்தது. மூன்று மணிவரை காத்திருந்தால் இறக்கி, பார்த்து, பெட்டியில் அடுக்க நேரம் போதாது. லாரி காத்திருக்காது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நான் அக்காவைத்தான் கூப்பிட்டேன். மறுத்துப் பேசமாட்டார் என்று தெரியும்.

"இன்னிக்கி ஒரு நாளு மட்டும் அக்கா. வெளி கேட்டச் சாத்திடறேன்."

"செரிங்கக்கா" என்றார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். கேட்டைச் சாத்தியது நான்தான்.

சூளை வாயிலிருந்து அடித்த அனலில் நான் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு மேல் இருக்கும். அக்கா வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"திட்டக்குடி பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டார்.

திட்டக்குடி அவர் பிறந்த ஊர். நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, பொய் எழுதக் கூடாது. அந்த ஒரு நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நர்ஸ் சொன்னது அப்படியே கண்ணெதிரே நின்றது. ஆனால் நர்ஸைக் கூப்பிட்டால் கேட்டைத் திறக்க வேண்டும். சூளை திறந்திருப்பதை அவர் பார்ப்பார். அதனால் அக்காவை உட்காரவைத்து, கொஞ்சம் டீ குடிக்கக் கொடுத்தேன். "சாப்ட்டது பத்தல போலருக்குது, செத்த நேரம் படுங்க" என்றேன். அக்காவோடு சூளைக்குப் போனவர்களில் ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் நர்ஸ் சொன்னதைக் கேட்டவள்தான்.

கால் மணி நேரம் அப்படிப் போனது. அக்காவுக்குக் கை கால் இழுக்கத் தொடங்கியபோது அந்தப் பெண் என்னைக் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாள்.

நர்ஸ் ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தார். அக்குளில், கழுத்தில் ஐஸை வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்போலேந்து இப்படி இருக்காங்க?"

"இப்பத்தான்" என்றேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. லாரி வந்து, பாதிச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அக்காவின் புருஷன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் வந்தார். "எத்தினி மணிக்கி ஆச்சுங்க?" என்றார்.

மூன்றாம் நாள் முதலாளிகள் கூடினார்கள். எனக்கு ஆறுதலாகத்தான் பேசினார்கள். "வூட்லயே ஒடம்பு செரியில்லாம வந்திருக்கும். ராவெல்லாம் தூங்காத ஆளு. சூளையில நின்னாங்கன்னு யாரு பாத்தது?" அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். பிறகு ஆய்வாளர் வந்து எதிரே உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். சூளையைத் திறக்கச் சொன்னது, கேட்டைச் சாத்தியது, கால் மணி நேரம் யாரையும் கூப்பிடாமல் இருந்தது, எல்லாவற்றையும். தைரியத்தில் சொன்னதல்ல. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்த பெண் வெளியே நின்றிருந்தாள். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லியிருப்பாள்.

கம்பெனியை மூடி வைத்தார்கள். போலீஸ் வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. பக்கத்துக் கம்பெனிக்காரர், "நீ பேசினதுல எங்க தலைமேலயும் கத்தி தொங்குது" என்று சொன்னவர், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர் அதைத் திருத்தி எழுதினார். இப்போது மதியத்தில் எந்தக் கேட்டையும் சாத்தக் கூடாது, நர்ஸ் எந்த நேரமும் கேட்காமல் உள்ளே வரலாம்.

ஆடியில் அக்கா வீட்டு முறை வந்தது. என் குவியலிலிருந்து நல்ல வெள்ளைச் சில்லாகப் பொறுக்கி, நானே மூட்டை கட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் புருஷன் மாடிப்படியில் நின்றிருந்தார். கொத்தனார் ஒரு மூட்டையை அவிழ்க்கப் போனார்.

"அது வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வேற கம்பெனிச் சில்லு வந்தா போடுங்க. இல்லாட்டிப் போவுது, சும்மாவே கெடக்கட்டும்."

நான் டிராக்டரைத் திருப்பச் சொன்னேன். அடுத்த வாரம் வேறு கம்பெனியிலிருந்து சில்லு வரவழைத்துப் பதித்தார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறதாம். எனக்குப் பார்க்கக் கிடைக்காது.

மறு வருடம் கம்பெனியைத் திறக்க அனுமதி கிடைத்தது. இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்த பெண் வேப்பூர் பக்கம் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இந்தக் கோடையிலும் பன்னிரண்டு அடித்ததும் எல்லோரும் மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். சிறிது நேரத்தில் நர்ஸ் வருவார். நேராகச் சூளைவரை போய்க் கதவைப் பார்ப்பார். மரத்தடியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார். அவர் போகும்வரை நான் நின்றுகொண்டே இருப்பேன். என்னிடம் அவர் பேசுவதில்லை.