படம் முடிந்த பிறகு வந்த தேநீர்

இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் சான்ட்ரிங்ஹாமில், ஒரு அக்கா வீட்டில் சிலர் கூடித் தொலைக்காட்சியில் படம் பார்த்தோம். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்களின் கதை.

அவர்களுக்கென்று தனிக் கோப்பை ஒதுக்கும் காட்சியில் அக்கா விம்மி அழுதார்.

"இப்பிடியும் மனிசர் இருந்திருக்கினமே!"

படம் முடிந்ததும் என்னிடம் கேட்டார்.

"ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம், தங்கச்சி?"

சொன்னேன்.

"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன். எங்கள் சாதி அவருக்கு விளங்கிவிட்டது.

தேநீர் வந்தது. மற்ற எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. எனக்கு மட்டும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய காகிதக் கோப்பை.

அக்காவின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

"சீனி காணுமோ?"

"ஓம் அக்கா, போதும்."

கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார். இந்த இணையக் குழு நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?