அறுபது வரை எண்ணிய மாப்பிள்ளை

கார்மோய்த் தீவு மீனவர்களிலேயே பிடிவாதக்காரர் ஓஸ்முண்ட்தான் என்பார்கள். அது பாதி உண்மை. அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த போர்ஹில்ட் அவருக்கும் ஒரு படி மேல். மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்தவள். காத்திருக்கத் தெரியும், போதும் என்று சொல்லவும் தெரியும்.

ஓஸ்முண்டின் பிடிவாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் முற்றியது. அந்த வருஷம், போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் ஊரில் இருந்த வானொலிப் பெட்டிகளையெல்லாம் பறித்தார்கள். தன் பெட்டியைத் தானே பள்ளிக்கூடம் வரை சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் மனுஷர். அந்தச் சூடு ஆறவே இல்லை. அதே ஜெர்மானியர்கள் தங்கள் நீர்மூழ்கிகளுக்கும் விமானங்களுக்கும் வழி தெரிவதற்காக ஸ்டவாங்கர் நகருக்குத் தெற்கே வானொலிக் கம்பங்களை நட்டார்கள். வானொலியில் முதலில் புள்ளிபுள்ளியாகவும் பிறகு கோடுகோடாகவும் அவை ஒலிக்கும். எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று எண்ணிவிட்டால், படகு எந்தத் திசைக்கோட்டில் நிற்கிறது என்பதைக் கடல் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். போர் முடிந்து நட்டவர்கள் போனார்கள். கம்பங்களை யாரும் பிடுங்கவில்லை. ஒரு பெட்டியும் ஒரு காதும் போதும் என்பதால் துறைமுகமே எண்ணக் கற்றுக்கொண்டது.

“ஜெர்மன்காரன் சத்தம் என் காதுல ஏறாது. எனக்கு மூக்கு இருக்கு” என்றார் ஓஸ்முண்ட்.

அந்த மூக்கின் லட்சணம், அவர் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் மூடுபனி, இரண்டு முறையும் மாப்பிள்ளை நடுக்கடலில். நாற்பத்தொன்பதாம் வருஷம் போர்ஹில்ட் தீர்த்துச் சொன்னாள்: “ஜூன் பதினெட்டு, சாயங்காலம் நாலு மணி. இது மூணாவது தேதி. நாலாவது கிடையாது.”

அப்படியும் அவர் சும்மா இருந்தாரா? விருந்துக்குக் கானாங்கெளுத்தி வேண்டாமா என்று வியாழக்கிழமை படகை எடுத்தார். துணைக்கு போர்ஹில்டின் அண்ணன் டோர்லைவ். வெள்ளிக்கிழமை பனி இறங்கியது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படகின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

“மாப்ளே, இப்ப எங்க இருக்கோம்?” என்றான் டோர்லைவ்.

ஓஸ்முண்ட் முகத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். “கடல்ல.”

“அடேங்கப்பா! நாலு மணிக்குக் கோயில்ல வந்து இதையே சொல்லு. என் தங்கச்சி பூரிச்சுப் போயிடுவா.”

ஓஸ்முண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் இல்லாத வீட்டுக்கு இனித் திரும்பிப் போவதா? நினைக்கவே பயமாக இருந்தது.

“சரி, அந்தச் சனியனைப் போடு மச்சான்.”

டோர்லைவ் தான் கொண்டுவந்திருந்த வானொலிப் பெட்டியைத் திருகினான். ஓஸ்முண்ட் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் ஜெபிப்பது போல உதட்டை அசைத்து எண்ணினார். “எழுபத்தொண்ணு!”

“மொத்தமே அறுபதுதான் மாப்ளே! எஞ்சினையும் சேர்த்து எண்ணிட்டியே!”

டொங்கு டொங்கு என்று அடித்த எஞ்சினை நிறுத்தினார்கள். மறுபடி எண்ணினார். புள்ளி இருபத்திரண்டு, கோடு முப்பத்துநாலு.

“ஐம்பத்தாறுதான் வருது. நாலைத் திருடிட்டான் பார்! அவன் புத்தி எங்க போகும்?”

“யாரும் திருடல. புள்ளி கோடா மாறுற இடத்துல ரெண்டும் கலந்து காதுக்குப் பிடிபடாது. தொலைஞ்சதைச் சரிபாதியாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சேர்த்துக்க.”

இருபத்துநாலு, முப்பத்தாறு. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி அளந்தால் ஆழம் எழுபது பாகம், பாகத்துக்கு ஆறடி. திசைக்கோட்டையும் ஆழத்தையும் வரைபடத்தில் சேர்த்துப் பார்த்தபோது, மூக்கை நம்பி அவர் நினைத்திருந்த இடத்துக்கு இருபது மைல் வடக்கே நின்றிருந்தார்கள். டோர்லைவ் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு காப்பியை ஊற்றினான். அதுவே பெரிய குத்தல்.

அதன்பிறகு ஓஸ்முண்டைப் பிடிக்க முடியவில்லை. அரைமணிக்கு ஒருதரம் எஞ்சினை நிறுத்தி எண்ணினார். அறுபது சரியாக வந்தபோதெல்லாம் குழந்தை மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார். கரை நெருங்க நெருங்கக் கம்பங்களின் பேச்சை நம்ப முடியாது. ஆனால் மூன்றரை மணிக்குத் துறைமுகத்துப் பனிச்சங்கு நேர் எதிரே ஊதியது.

படகுத்துறையில் பாதி ஊர் நின்றது. நடுவில் வெள்ளி ஊசிகள் குத்திய கல்யாண உடுப்பில் போர்ஹில்ட்.

“என்ன ஓஸ்முண்ட், மூக்கா கூட்டிட்டு வந்துச்சு?” என்று ஒருவன் கத்தினான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டோர்லைவ் கூடப் பெருந்தன்மையாக முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு கட்டினான்.

“இல்ல, எண்ணினேன்” என்றார் ஓஸ்முண்ட். “காலையில இருந்து எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன்.”

படகுத்துறையே வெடித்துச் சிரித்தது. போர்ஹில்ட் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, மீன் செதிள் ஒட்டிய அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் மூக்கை நம்பியிருந்தா இந்த உடுப்பைப் பெட்டியில இருந்தே எடுத்திருக்க மாட்டேன்யா. எனக்காக நீ எண்ணுவேன்னு நம்பித்தான் காலையிலேயே உடுத்திட்டேன்.”