ஒட்டுக்கு மேலே வெட்டினேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஆவணி மாதம். உத்தமபாளையத்துக்கு வெளியே எங்கள் மனைப்பிரிவில் அப்போது பாதி மனைகளில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே முதலில் வீடு கட்டிக் குடிவந்தவள் நான். அதனாலேயே, கட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆலோசனை சொல்லும் பதவி என்னிடம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்ன, நானே எடுத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நான் சொன்னது பெரும்பாலும் பலித்தது. மேற்கே பெரிய ஜன்னல் வேண்டாம், ஆடிக் காற்று சோற்றுப் பானைக்குள்ளேயே மண்ணைக் கொட்டும் என்றேன். கேட்காமல் வைத்தவர் அடுத்த ஆடியில் அதற்குப் பலகை அடித்தார். செப்டிக் டேங்க் பக்கத்தில் தென்னை வைக்காதீர்கள் என்றேன். வைத்தவர் இரண்டே வருடத்தில் பிடுங்கினார். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் யாராவது வாடிய செடியைப் படம் பிடித்துப் போட்டால் முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும். "எஞ்சினியருக்குக்கூட இம்புட்டு போன் வராது" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு அது பாராட்டாகத்தான் காதில் விழுந்தது.

எதிர் மனையில் ஒரு டீச்சர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் வெளியூரில் படிக்கிறாள். அதிகம் பேசாதவர். அஸ்திவாரத்துக்குக் கடகால் தோண்டிய வாரமே வாசல் மூலையில் ஒரு மாங்கன்றை நட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கிக் காவல் போட்டிருந்தார். ஒரு நாள் அதன் படத்தைக் குழுவில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். மேல் கிளைகள் காற்றில் அடிபட்டு நோஞ்சானாக இருந்தன. அடித்தண்டிலிருந்து ஒரு தளிர் மட்டும் தாட்டியமாக எழுந்து நின்றது.

நான் பதில் எழுதக்கூட இல்லை. மறுநாள் காலையில், அவர் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் கத்தரியோடு போய் நின்றேன்.

"செடியோட பெலம் ரெண்டாப் பிரியக் கூடாது டீச்சர். நோஞ்சான எடுத்துருவோம். அடியில வர்றது கிண்ணுனு வந்துரும்."

"நல்லாத் தெரியுங்களா?" என்றார்.

"இதுகூடத் தெரியாமயா?" என்று சிரித்துக்கொண்டே வெட்டினேன். எதையும் வீணாக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவள் ஆயிற்றே, வெட்டிய கிளையைக் கொண்டுபோய் என் வீட்டு உர டிரம்மில் போட்டு மூடினேன்.

மறுநாள் மத்தியானம், டீச்சர் வீட்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். பெரியகுளத்துக்காரர். அந்தக் கன்று எப்படிச் சிக்கென்று நிற்கிறது பாருங்கள் என்று நான்தான் பெருமையாகக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"யக்கா, ஒட்டுக்கு மேல வெட்டிட்டீகளே! கீழ நிக்கிறது வெறும் நாட்டு மாங்கொட்டைல மொளச்சதுக்கா. மேல இருந்ததுதான் மாமரம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "நான் தரையில ஒட்டுறேன், என் வீட்டுக்காரி நர்சரில மரத்துல ஒட்டுறா. அவதான் டீச்சருக்கு இந்தக் கன்ன ஒட்டிக் குடுத்தது. மேல ஒட்டுனது டீச்சரோட அப்பா தோப்புல இருந்த மரத்துக் கிளை. தோப்ப வித்துத்தான இந்த வீட்டக் கட்டுறாக. வாங்குனவுக மரத்த எல்லாம் அறுத்துட்டாக. இப்ப அந்த மரம் எங்கனயும் கெடையாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நான் அல்ல, என்னை நம்பியவர்.

அப்போது என் மனதில் முதலில் என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்க்க நாலைந்து வருடமாகும். இவர் வாய் திறக்காவிட்டால் அதுவரை டீச்சருக்குத் தெரியாது. புளிப்பாகக் காய்த்தால் மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் அந்த நிமிடமே எனக்குத் தயாராக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

பள்ளிக்கூடத்து இடைவேளையில் டீச்சரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குள் டைல்ஸ்காரர் தன் மனைவிக்குப் போன் போட்டிருந்தார். "வெட்டுன கிளை எங்கன கெடக்கு? பச்சையா இருந்தா உசுரு இருக்கும். எலைய நறுக்கிட்டுக் காம்ப மட்டும் விடுங்க. ஈரத்துணியில சுத்தி, சாயந்தரத்துக்குள்ள கொண்டாங்க" என்றார் அந்த அம்மா. டிரம்மைத் தரையில் கவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவே கைவிட்டுத் துழாவினேன். இலைகள் துவண்டிருந்தன, ஆனால் நகத்தால் கீறிப் பார்த்தபோது தோலுக்குள் பச்சை இருந்தது. அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

தேனியில் பஸ் மாறிப் பெரியகுளம் போய்ச் சேரும் வரை அந்த ஈரத்துணிப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன். நர்சரியில் டைல்ஸ்காரரின் மனைவி, என்னைவிட வயதில் சின்னவர், நாற்றுப் பைகளைத் தயாராக அடுக்கிவைத்துக் காத்திருந்தார்.

"யாரு வெட்டுனதுக்கா?"

"நான்தான்."

"வெட்டு நல்லாச் சரிவாத்தான் இருக்கு. எடந்தான் தப்பு" என்று சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

கிளையில் மூன்று நுனிகள் தேறின. மூன்றையும் ஆப்பு மாதிரிச் சீவி, மூன்று நாற்றுகளில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிழைக்குமா என்று கேட்டேன்.

"பொழைக்கும்னு நான் எப்பிடிக்கா சொல்ல? மூணு போட்டிருக்கேன். துளுத்தா போன் பண்ணுறேன்."

வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்கிறவர் சொன்ன பதில் அது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கே குழுவில் குரல் பதிவு போட்டுத் தப்பை ஒப்புக்கொண்டேன். ஒட்டுக் கன்றில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைத்தான் கிள்ள வேண்டும், நான் மேலே வெட்டினேன், நீங்கள் யாரும் வெட்டாதீர்கள் என்றேன். டீச்சரும் அதைக் கேட்டிருந்தார் என்று குழுவிலேயே தெரிந்தது.

முதல் கன்று பத்து நாளில் காய்ந்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்று வாரம் கழித்து நர்சரியிலிருந்து படம் வந்தது. மூன்றாவதின் நுனியில், செம்பு நிறத்தில், விரல் நகம் அளவுக்கு இரண்டு இலைகள். ஓடிப்போய் டீச்சரிடம் காட்டினேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகையில் இரண்டு பேருமாகப் போய்க் கன்றை வாங்கி வந்தோம். வாசலில் இறங்கியதும் அவர் கன்றை என் கையில் கொடுத்தார். "எங்கன வைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

நின்று யோசித்து, மேற்குக் காற்றைச் சுவர் மறைக்கிற கிழக்கு ஓரத்தைக் காட்டினேன், அங்கேயே நட்டோம். இப்போது அது என் இடுப்பு உயரம். ஆலோசனை சொல்வதை நான் விட்டுவிடவில்லை, இன்றும் நன்றாகவே சொல்கிறேன். ஆனால் என்னால் கெட்ட பிறகும் டீச்சர் என்னிடமே நம்பிக் கேட்டாரே, அதற்காகவே இப்போதெல்லாம் யார் செடியைக் காட்டினாலும், பதில் சொல்வதற்கு முன் "இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியைத் தேடுகிறேன்.